பருத்தி இல்லாத வீடு

எங்கள் வீட்டில் அப்போது பருத்தி கிடையாது. திருமணமான முதல் குளிர்காலத்தில் ஏனோஸும் நானும் வேதாகமத்தை நடுவில் வைத்துக்கொண்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, அடிமைகளை வதைத்து விளைவித்த எதையும் இந்த வீட்டுக்குள் விடுவதில்லை என்று தீர்மானித்தோம். சத்தியம் செய்யவில்லை. குவேக்கர் என்று ஊர் சொல்லும் எங்கள் நண்பர் சபையில் சத்தியம் செய்யும் வழக்கமில்லை. ஆம் என்றால் ஆம், அவ்வளவுதான்.

கரும்புச் சர்க்கரை போயிற்று. மேப்பிள் மரத்துப் பாகு வந்தது. அரிசி போயிற்று. காபிக்கொட்டை போய், வறுத்த பார்லி வந்தது. பருத்தியை விட்டதுதான் பெரிய பாடு. ஆளி விதைத்து, நார் உரித்து, லினன் நூல் நூற்று, ஆட்டு ரோமத்தோடு சேர்த்து நானே நெய்தேன். கோடை வெயிலில் அந்தத் துணி உடம்பை அறுக்கும். விளக்குத் திரிக்குக்கூட ஆளிநார்தான், அது சரியாக எரியாமல் புகையும்.

பக்கத்துப் பண்ணை பர்னபா எங்கள் சபைக்காரன்தான், ஆனால் இந்த அளவுக்குப் போகாதவன். வரும்போதெல்லாம் கோப்பையை எட்டிப் பார்ப்பான்.

"அக்சா, இந்தக் காபியில காபியும் இல்லை, சர்க்கரையும் இல்லை. மனசாட்சி மட்டும்தான் மிதக்குது."

"குடி. மனசாட்சி உடம்புக்கு நல்லது."

"நல்லதுதான். தொண்டையிலதான் சிக்கிக்குது."

நான் சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருக்கும். எளிமை பேசும் எங்கள் சபையில் பெருமை பாவம். பருத்தி வாசல் வழியாக வராமல் பார்த்துக்கொண்ட நான், பெருமை எந்த வழியாக வந்தது என்று கவனிக்கவில்லை.

திருமணமாகிப் பன்னிரண்டாம் வருடம், எங்கள் சபையார் பத்தாம் மாதம் என்று சொல்லும் அக்டோபரில், சோளம் அறுத்துக் கட்டி நிற்கவைத்த வாரத்தில், விடிந்து கொஞ்ச நேரத்தில் பர்னபாவின் வண்டி கொட்டகைக்குள் வந்து நின்றது. சோளத்தட்டைக்கு அடியில் ஒரு பெண் கிடந்தாள். ஆற்றுக்குத் தெற்கே அடிமைகளாக இருந்து தப்பி, கனடாவை நோக்கிப் போகிறவர்கள் எங்கள் வீட்டில் முன்பும் தங்கியிருக்கிறார்கள். ஒளித்து வைத்தால் சிறை என்று புதுச் சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் தங்கினார்கள்.

"பேரு டெல்ஃபியாம். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலை. காய்ச்சல் கொதிக்குது. என் பெண்டாட்டி சொன்னா, அக்சாகிட்ட கொண்டு போன்னு" என்றான் பர்னபா.

மாடி அறையில் கிடத்தினோம். ஏனோஸ் தண்ணீர் சுமந்து வைத்துவிட்டு வெளியே போனான். நான் அவள் உடைகளைக் களைந்து, வெந்நீரால் துடைத்தேன். பாதம் இரண்டும் புண். சிவப்புக் கட்டம் போட்ட பருத்திப் பாவாடை கிழிந்து சேறாகியிருந்தது. அதன் உள்ளே, இடுப்பைச் சுற்றி வெறும் உடம்பில், ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். அவள் கை காய்ச்சலிலும் என் மணிக்கட்டைப் பிடித்தது. "சரியாயிடும், சரியாயிடும்" என்று சொல்லி அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன்.

என் சாம்பல் நிறக் கம்பளி உடையை அவளுக்கு மாட்டிவிட்டு, களைந்த துணிகளை அள்ளிக்கொண்டு கீழே வந்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எரிப்பதற்கு நல்ல காரணங்கள் இருந்தன. காய்ச்சல்காரியின் துணி. தேடி வருகிறவர்களிடம் அடையாளமாக எழுதப்பட்டிருக்கும் துணி. இந்த இரண்டையும் பிற்பாடு பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பாவாடையை நெருப்பில் போட்டபோது நான் நினைத்தது வேறு. 'பாவத்தின் துணியே, என் வீட்டைவிட்டுப் போ' என்று நினைத்தேன். ஜெபம்போல நினைத்தேன். அதில் சந்தோஷம் இருந்தது.

கடைசியாக இடுப்புத் துணி. கையில் சுருட்டியபோது விரலில் ஒரு சின்னத் தையல் தட்டுப்பட்டது. விரித்துப் பார்த்தேன். ஒரு கை நுழைகிற ஓட்டை, என் மூன்று விரல் அகலம். கழுத்தோரத்தில் எலும்புப் பொத்தான் ஒன்று. குழந்தைச் சட்டை என்று தெரிந்தது.

தெரிந்தே போட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஏன் என்றால் சொல்கிறேன். எனக்கு ஒரு மகன் இருந்தான், யோவேல். பதினான்கு மாதம் இருந்தான். அவன் போன வாரத்தில் சபையின் மூப்பர் உல்தாள் வந்து, பொருள்களில் மனத்தைக் கட்டிவைக்கக் கூடாது என்று மென்மையாகச் சொன்னாள். அவன் துணி அத்தனையையும் மடித்து ஏழைகளுக்குக் கொடுத்தேன். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. எங்கள் சபையில் கல்லறைக்குக் கல்லும் நடுவதில்லை. புல்தான். நான் அப்படிச் செய்து பிழைத்துக்கொண்டேன் என்று நம்பினேன். அதனால் எல்லோரும் அப்படிப் பிழைக்கலாம் என்றும் நம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு பேர் குதிரையில் வந்தார்கள். ஒருவன் ப்ரூயிட், எங்கள் ஊர் மார்ஷல் என்ற காவல் அதிகாரியின் உதவியாள், எங்களிடம் வாடிக்கையாகப் பாலாடைக்கட்டி வாங்குகிறவன். இன்னொருவன் ஆற்றுக்குத் தெற்கேயிருந்து வந்த தாடிக்காரன். டெல்ஃபி மாடியில் கண் திறக்காமல் கிடந்தாள். நான் தறியில் உட்கார்ந்திருந்தேன். ஏனோஸ் தொப்பியைக் கழற்றாமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். எங்கள் சபையார் நீதிபதிக்கும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள், யாரையும் 'நீங்கள்' என்று சொல்லவும் மாட்டார்கள். எல்லோருக்கும் 'நீ', எல்லோருக்கும் பெயர்.

"வா ப்ரூயிட். உன் கூட வந்திருக்கிறவன் பேரென்ன?"

தாடிக்காரன் முகம் சிவந்தது. "யாரைப் பார்த்துடா நீ, வான்னு பேசற?"

"உன்னைத்தான். பேரு தெரியலை, அதான் கேட்டேன்."

"கோவிச்சுக்காதீங்க. இந்தக் குவேக்கருங்க ஜனாதிபதியையே அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றான் ப்ரூயிட். பிறகு ஏனோஸைப் பார்க்காமல், "வீட்டைச் சோதிக்கணும், ஏனோஸ். காகிதம் இருக்கு" என்றான்.

"காகிதத்தைக் குடு. படிக்கணும்."

ஏனோஸ் வேகமாகப் படிக்கக் கூடியவன். அன்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தான். நடுநடுவே நிறுத்தி, "இது என்ன எழுத்து, ப்ரூயிட்? மை கொட்டியிருக்கே" என்று கேட்டான். தாடிக்காரன் சாட்டையால் பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது.

"டெல்ஃபி... என்னும்... பெண். வயது... இருபத்தாறு. சிவப்புக் கட்டம் போட்ட பருத்திப் பாவாடை. இடது புருவத்தில்... தழும்பு. கூடவே..." ஏனோஸ் நிறுத்தினான். இந்த முறை வேண்டுமென்று நிறுத்தவில்லை. "கூடவே அவளுடைய நான்கு வயதுப் பெண் குழந்தை. லெட்டி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்."

தறியின் ஓடம் என் கையிலிருந்து விழுந்தது. குழந்தை வரவில்லை. சட்டை மட்டும் வந்திருந்தது.

பிறகு அவர்கள் பேசியது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. காகிதத்தில் வேறு மாவட்டத்தின் பெயர் இருப்பதை ஏனோஸ் கண்டுபிடித்துவிட்டான். "இது செல்லாதே, ப்ரூயிட். சரியானதை வாங்கிட்டு வா. நான் எங்கேயும் ஓட மாட்டேன்" என்றான்.

"உள்ளே இருக்காளா, இல்லையா? அதைச் சொல்லு" என்றான் தாடிக்காரன்.

"சொல்ல மாட்டேன்."

"பொய்யாவது சொல்லேன், போய்த் தொலையறேன்."

"அது முடியாது."

ப்ரூயிட் குதிரையைத் திருப்பும்போது மெதுவாக, "நாளை சாயங்காலத்துக்குள்ள வந்துடுவோம்" என்றான். எச்சரிக்கையாகச் சொன்னானோ மிரட்டலாகச் சொன்னானோ தெரியாது. எச்சரிக்கை என்றே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் டெல்ஃபிக்குக் காய்ச்சல் விட்டது. கண் திறந்ததும் அவள் கை போன முதல் இடம் இடுப்பு. கம்பளி உடையின் மேலேயே தடவினாள். உள்ளே தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எசமானியம்மா, என் துணி எங்கே?"

"நான் எசமானி இல்லை. என் பேரு அக்சா."

"என் துணி எங்கேம்மா?"

தொலைந்துவிட்டது, வண்டியில் விழுந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு நாக்கு இல்லை. "எரிச்சிட்டேன்" என்றேன்.

அவள் அழவில்லை. படுக்கையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள், அங்கே சுருக்கம் இருப்பதுபோல. "அழுக்கா இருந்திச்சுன்னு எரிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை. பருத்தியா இருந்திச்சுன்னு."

அவளுக்குப் புரியவில்லை. அடிமைகளின் கண்ணீரில் விளைந்ததை நாங்கள் உடுத்துவதில்லை என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பாதியில் என் குரலே எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டாள். அவள் வாழ்நாள் முழுக்க வெள்ளைக்காரப் பெண்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டவள்.

"அந்தப் பருத்தி நான் பறிச்சதும்மா. நானே நூத்து, நானே தெச்சது. எங்க கண்ணீர்னு சொல்றீங்க. எங்க கண்ணீர்தான். எங்களுதுதானே அது."

பிறகு, கேட்காமலே சொன்னாள். ஆறு தாண்டும்போது லெட்டி நனைந்துவிட்டாள். இருமல். மூன்று நாள் தோளில் தூக்கி நடந்தாள். நான்காம் நாள் காலை தோளில் கனம் மாறியிருந்தது.

"கையாலயும் ஒரு தட்டைக் கல்லாலயும் தோண்டினேன். அடையாளம் எதுவும் வெக்கலை. தேடி வர்றவனுங்க நாய்ங்களைக் கூட்டிட்டு வந்து தோண்டிப் பார்ப்பானுங்கன்னு பயம். என் மேல்துணியில அவளைச் சுத்தினேன். சட்டையைக் கழட்டி எடுத்துக்கிட்டேன். எனக்கு ஒண்ணு வேணும்னு எடுத்துக்கிட்டேம்மா. குளிர்ல கிடந்த பிள்ளைகிட்டயிருந்து திருடினேன். அதான் எங்கிட்ட நிக்கலை."

நான் அவள் கையைத் தொடப் போனேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தொட்டால் தொட்டுக்கொள் என்று விட்டுவிட்ட கை அது. நானே என் கையை எடுத்துக்கொண்டேன்.

நாளைக் காலை பர்னபா வண்டி கொண்டு வருவான், வடக்கே அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொன்னேன். "சரிங்க" என்றாள். அந்தச் 'சரிங்க' எனக்குப் பிடிக்கவில்லை.

விடிகாலையில் மூடுபனி. மாட்டுக்குத் தீனி வைக்கக் கொட்டகைக்குப் போனபோது, வேலியை ஒட்டி டெல்ஃபி நடந்துகொண்டிருந்தாள். ஏனோஸின் பழைய பூட்ஸ் காலில். தெற்குப் பக்கமாக.

ஓடிப்போய் மறிக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிடித்து இழுத்து வந்து காப்பாற்றலாம். ஆனால் மூன்று நாளுக்கு முன்னால் அவள் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தது நினைவுக்கு வந்தது. சமையலறைக்குப் போய் ஒரு சோள ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டு, பின்னாலேயே நடந்தேன். சேர்ந்ததும் பக்கத்தில் நடந்தேன்.

"எங்க வர்றீங்க?"

"நீ போற இடத்துக்கு."

"நான் எம்பொண்ணு கிடக்கற இடத்துக்குப் போறேன்."

"சரி."

"பிடிச்சிட்டா?"

"பிடிச்சா பிடிக்கட்டும். என்னையும் சேர்த்துப் பிடிப்பாங்க."

"உங்களை அடிக்க மாட்டாங்க."

"மாட்டாங்க" என்றேன். அது உண்மை, வேறு என்ன சொல்ல. ரொட்டியை நீட்டினேன். கொஞ்ச தூரம் போனபிறகு வாங்கிக்கொண்டாள். இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என்னிடம் கொடுத்தாள், வழக்கத்தில் வந்ததுபோல. அந்த மறுபாதி யாருக்குரியது என்று எனக்குத் தெரிந்தது. வாயில் வைக்க முடியவில்லை.

அந்த வழி எங்கள் சபை வீட்டின் பின்புறமாகப் போகும். புதைகுழி நிலத்தின் மூலையில் ஒரு வால்நட் மரம். அங்கே வந்ததும் என் கால் தானாக நின்றது. யாரும் பார்க்காதபோது நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். மரத்தின் அடியிலிருந்து காலடி எண்ணி நடந்தேன். பதினொன்று.

டெல்ஃபி வேலியோரம் நின்று பார்த்தாள். "என்ன எண்ணுறீங்க?"

"இங்கே என் மகன் இருக்கான். யோவேல்."

அவள் புல்லைப் பார்த்தாள். மேடும் இல்லை, கல்லும் இல்லை. "கல்லு வெக்கலையா?"

"எங்க சபையில வெக்க மாட்டோம்."

"சட்டை எதுவும் வெச்சிருக்கீங்களா அவனுது?"

"இல்லை. எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

"யாரு குடுக்கச் சொன்னது?"

ஒன்பது வருடமாக நான் அந்த இடத்தில் அழுததில்லை. அன்று அழுதேன். வேலியைத் தாண்டி வந்து அவள் என் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. நின்றாள்.

"எம்பொண்ணு இருக்கற இடத்துல ஒரு ஓக் மரம்" என்றாள் பிறகு. "இடி விழுந்து ரெண்டா பிளந்தது. பக்கத்துல ஓடை. ஓடைக்குள்ள மாட்டுத் தலை மாதிரி ஒரு பாறை. மரத்துக்கும் ஓடைக்கும் நடுவுல. நான் எண்ணலை. எண்ணணும்னு தோணலை."

"நான் போறேன். நான் போய்த் தேடறேன். எனக்கும் ஏனோஸுக்கும் தெற்கே போக யாரும் காகிதம் கேக்க மாட்டாங்க. கண்டுபிடிச்சு எண்ணி எழுதறேன். நீ வடக்கே போ, டெல்ஃபி."

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்களாமே."

"மாட்டேன்."

"கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னு எழுதுவேன்."

மூடுபனி விலக ஆரம்பித்திருந்தது. அவள் தெற்கே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் திரும்பினாள். பர்னபாவின் வண்டி மத்தியானத்துக்கு முன்பே புறப்பட்டது. சாயங்காலம் சரியான காகிதத்தோடு வந்த தாடிக்காரன், என் மெத்தையைக் கிழித்துப் பார்த்துவிட்டுப் போனான். ப்ரூயிட் வாசலிலேயே நின்றான். அவனுக்கு ஏனோஸ் ஆப்பிள் சாறு கொடுத்தான், குடித்தான்.

வாக்குக் கொடுத்தபடி அந்த மாதமே போனோம். வண்டியில் எட்டு நாள். எங்கள் மாநிலத்தின் தென்பகுதி முழுக்க ஓடை. ஓடை முழுக்கப் பாறை. இடி விழுந்த ஓக் மரங்கள் இத்தனை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. எதற்கு அலைகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், ஒரு கல்லறையைத் தேடுகிறோம் என்றோம். யாருடையது? ஒரு குழந்தையுடையது. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஒரு மாவு மில்காரன் மனைவி ஒரு மடி உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து வண்டியில் கொட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அவளுக்கு எந்தக் குழந்தை நினைவுக்கு வந்ததோ.

கிடைக்கவில்லை. டெல்ஃபி கனடாவில் இருக்கிறாள், தையல் வேலை செய்கிறாள் என்று செய்தி வந்திருந்தது. அங்கே ஒரு பள்ளி ஆசிரியைக்கு எழுதினால் படித்துக் காட்டுவாள். 'இந்த வருடம் கிடைக்கவில்லை' என்று எழுதினேன். அடுத்த பத்தாம் மாதமும் போனோம். 'இந்த வருடமும் கிடைக்கவில்லை.'

மூன்றாம் வருடம், வெறுங்கையோடு திரும்பும் வழியில், ஏனோஸ் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டான்.

"அக்சா, நேத்து பார்த்த மரம். ஓடை இருந்திச்சு. பாறையும் கொஞ்சம் மாட்டுத் தலை மாதிரிதான் இருந்திச்சு."

"கொஞ்சம்."

"அதுதான்னு எழுதினா என்ன? மரத்துலேர்ந்து ஒன்பது காலடின்னு எழுது. அவ நிம்மதியா இருப்பா. கடவுள் கோவிச்சுக்க மாட்டார்னு எனக்குத் தோணுது."

அவனை எனக்குத் தெரியும். சிறைக்குப் போகும் நிலையிலும் ஒரு சின்னப் பொய் சொல்லாதவன். அவன் அப்படிச் சொன்னால் எவ்வளவு மனம் நொந்து சொல்லியிருப்பான்.

"ஒரு தடவை அவளுக்கு நல்லதுன்னு நானே முடிவு பண்ணி, அவளைக் கேக்காம செஞ்சேன்" என்றேன். "மறுபடியும் செய்ய மாட்டேன், ஏனோஸ்."

அவன் கடிவாளத்தை இழுத்துக்கொண்டான். 'இந்த வருடமும் கிடைக்கவில்லை' என்று எழுதினேன். மையை விடக் கண்ணீர்தான் அதிகம். நீதி பெரியதுதான். ஆனாலும் ஒருத்தி இடுப்பில் கட்டியிருப்பதை அவளைக் கேட்காமல் அவிழ்க்கக் கூடாது என்பது அதைவிடச் சின்ன விஷயமில்லை. இதை நான் முப்பத்தொரு வயதில்தான் கற்றுக்கொண்டேன், அதுவும் ஒரு குழந்தையின் சட்டையைச் சாம்பலாக்கிய பிறகு.

நான்காம் வருடம் வசந்தத்தில் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. ஆசிரியையின் கையெழுத்து, டெல்ஃபியின் பேச்சு.

'அக்சா, இனிமே தேட வேண்டாம். காட்டுல மரம் வளரும், விழும், ஓடை திசை மாறும். மூணு தடவை கிடைக்கலைன்னு எழுதினே. பொய் சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் கோபமா இருந்தேன். இப்பவும் சில நாள் இருக்கேன். அதே அளவுல, அதே மாதிரி ஒரு சட்டை தெச்சு அனுப்பியிருக்கேன். இது பருத்தி. இங்கே கடையில இதுதான் கிடைக்குது. யாரு பறிச்சதோ தெரியாது. எங்கூட வரிசையில நின்ன யாராவது பறிச்சதா இருக்கும். எரிச்சிடாதே. உன் பையன் பக்கத்துல வை. பதினோரு காலடின்னு எனக்கு நினைவிருக்கு. தேடணும்னா நான் அங்கே தேடிக்கறேன்.'

சட்டையை மடியில் விரித்து வைத்தேன். மூன்று விரல் அகலக் கை. கழுத்தில் எலும்புப் பொத்தான். பதினைந்து வருடக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் பருத்தி வந்தது. அன்று முழுக்க அதை மேசையில் வைத்திருந்தேன். ஏனோஸ் சாப்பிட உட்காரும்போது தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டான், அதன் மேல் சிந்திவிடாமல்.

மறுநாள் காலை மண்வெட்டியோடு போனேன். மரத்திலிருந்து பதினொன்று எண்ணி, அதன் பக்கத்தில் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் தடியூன்றும் சத்தம். மூப்பர் உல்தாள். எழுபது வயது. கூடுகைக்கு முன்பே வந்து பெஞ்சுகளைத் துடைத்து வைப்பது அவள் வழக்கம்.

"அக்சா, என்ன பண்றே?"

சொன்னேன். எல்லாவற்றையும், அடுப்பில் எரித்ததிலிருந்து. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"கையில இருக்கறது பருத்தியா?"

"பருத்தி."

"அந்தப் பிள்ளை நம்ம சபையைச் சேர்ந்ததில்லை."

"இல்லை."

உல்தாள் குனிந்து குழியைப் பார்த்தாள். நான் மண்வெட்டியைப் பிடித்தபடி காத்திருந்தேன். 'எடுத்துக்கொண்டு போ' என்று சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஆழம் பத்தாது" என்றாள் கடைசியில். "நரி தோண்டிடும். இன்னும் ஒரு சாண் எடு."

எடுத்தேன். சட்டையை வைத்தபோது அவள் தடியைக் கீழே போட்டுவிட்டு முழந்தாளிட்டு, கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டாள். சின்னப் பொத்தான், நேரமாயிற்று. மண்ணை இரண்டு பேரும் கையாலேயே தள்ளினோம்.

எழுந்து நின்றதும், "மரத்துலேர்ந்து எத்தனை காலடி?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு."

"நீ எண்ணிட்டு நிக்கறதை நான் முன்னேயே பார்த்திருக்கேன். கண்டிக்கணும்னு நினைச்சேன்." அவள் அந்தப் புல் நிலம் முழுவதையும் மெல்லப் பார்த்தாள். "எனக்கும் மூணு இருக்கு இங்கே. ரெண்டு பையன், ஒரு பொண்ணு. எண்ணி வெச்சுக்கலை."

தடியை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். சபை வீட்டு வாசல்வரை, எங்கே கால் வைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்து, நிதானமாக நடந்தோம்.